இன்னொரு வீட்டில் ஓர் இடம்

ஒரு பெரிய கவலை

"நான் கண்ணை மூடிவிட்டால் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். மனநோய் உள்ள மகனையோ மகளையோ பார்த்துக்கொள்ளும் பெற்றோரும் இதையே கேட்கிறார்கள்.

பிள்ளை சிறுவனாக இருக்கும்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உடம்பில் தெம்பு இருக்கிறது. குளிப்பாட்டுகிறார்கள். சோறு ஊட்டுகிறார்கள். கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போகிறார்கள். ஆண்டுகள் ஓடுகின்றன. பிள்ளைக்கு நாற்பது வயது ஆகும்போது அம்மாவுக்கு எழுபது ஆகிவிடுகிறது. அவருக்கே ஒரு கை உதவி தேவைப்படுகிறது.

அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொள்ளலாம். அக்கா தங்கை பார்த்துக்கொள்ளலாம். பல வீடுகளில் அப்படி நடக்கிறது. சில வீடுகளில் நடப்பதில்லை. சிலருக்கு உடன்பிறந்தவர்களே இல்லை.

அப்போது என்ன செய்வது? காப்பகத்தில் சேர்ப்பதுதான் ஒரே வழி என்று பலர் நினைக்கிறார்கள். காப்பகங்களில் நல்லவையும் உண்டு. ஆனால் அங்கே நூறு பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு. நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் விளக்கு அணையும். "உனக்கு இன்று என்ன குழம்பு வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. இரத்த உறவு இல்லாத ஒரு குடும்பம் அவரைத் தன் வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் அந்த வீட்டில் சாப்பிடுவார், தூங்குவார், தன்னால் முடிந்த வேலையைச் செய்வார்.

"இது நடக்கிற காரியமா? யாரோ ஒருவரை யார் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்?" என்று கேட்கத் தோன்றும். ஓர் ஊரில் இது பல நூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. அந்த ஊரின் பெயர் கேல்.

கேல் என்ற ஊர்

ஐரோப்பாக் கண்டத்தில் பெல்ஜியம் என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. அதன் வடபகுதியில் கேல் இருக்கிறது. சுமார் 40 ஆயிரம் பேர் வாழும் ஊர். அந்தப் பகுதி மணற்பாங்கான பூமி. முன்காலத்தில் மக்கள் பெரும்பாலும் விவசாயிகள். மாடு வளர்த்தார்கள். பெரிய பணக்காரர்கள் இல்லை.

இந்த ஊரில் ஒரு பழைய கதை சொல்வார்கள்.

அயர்லாந்து நாட்டில் ஓர் அரசன் இருந்தான். அவன் மனைவி இறந்துபோனாள். துக்கத்தில் அவனுக்குப் புத்தி பேதலித்தது. மகள் டிம்ப்னா தாயின் சாயலில் இருந்தாள். அவளையே மணக்க வேண்டும் என்று அரசன் பிடிவாதம் பிடித்தான். டிம்ப்னா பயந்து, ஒரு பாதிரியாருடன் கடல் கடந்து ஓடினாள். கேல் வந்து சேர்ந்தாள். அரசன் தேடி வந்து அவளைக் கண்டுபிடித்தான். அவள் உடன்படவில்லை. தன் கையாலேயே அவள் தலையை வெட்டினான்.

இது நடந்தது 7ஆம் நூற்றாண்டு என்று சொல்வார்கள். இது வழிவழியாக வந்த கதை. வரலாற்றுச் சான்று கிடையாது. ஆனால் மக்கள் நம்பினார்கள். புத்தி பேதலித்த தந்தையால் இறந்த டிம்ப்னா, மனநோய் உள்ளவர்களைக் காக்கும் புனிதர் ஆனாள். அவள் பெயரில் கேல் ஊரில் தேவாலயம் எழுந்தது.

தூர ஊர்களிலிருந்து மனநோய் உள்ளவர்களை உறவினர்கள் அங்கே கூட்டி வந்தார்கள். தேவாலயத்தை ஒட்டி நோயாளிகள் தங்க அறைகள் இருந்தன. ஒன்பது நாள் தங்கி வேண்டுதல் செய்வது வழக்கம்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ராஜஸ்தானில் மெஹந்திப்பூர் பாலாஜி கோயில், தமிழ்நாட்டில் குணசீலம் பெருமாள் கோயில், ஏர்வாடி தர்கா ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். மனநோய் உள்ளவரைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்த் தங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேல் ஊரில் கூட்டம் அதிகமானது. தேவாலயத்து அறைகளில் இடம் போதவில்லை. "உங்கள் வீட்டில் இவர்களைத் தங்க வையுங்கள்" என்று குருமார்கள் ஊர் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். மக்கள் தங்க வைத்தார்கள்.

ஒன்பது நாள் முடிந்தது. சிலருக்குக் குணம் தெரிந்தது. அவர்கள் ஊர் திரும்பினார்கள். பலருக்குக் குணமாகவில்லை. சிலரை அழைத்துப் போக உறவினர்கள் வரவே இல்லை. அவர்கள் அந்த வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். நாட்கள் மாதங்கள் ஆயின. மாதங்கள் ஆண்டுகள் ஆயின.

இப்படித்தான் அந்தப் பழக்கம் வேர் பிடித்தது.

வீட்டில் என்ன நடந்தது?

கேல் மக்கள் அவர்களை "நோயாளி" என்று அழைக்கவில்லை. தங்கிச் சாப்பிடுபவர் என்று பொருள் தரும் ஒரு சொல்லால் அழைத்தார்கள். இந்தப் பாடத்தில் அவர்களைத் "தங்கியிருப்பவர்" என்று சொல்லலாம்.

தங்கியிருப்பவருக்கு என்ன நோய் என்று பழைய நாளில் அந்த வீட்டாருக்குச் சொல்ல மாட்டார்கள். அவர்களும் கேட்க மாட்டார்கள். அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், எதற்குப் பயப்படுவார் என்பதைப் பழகித் தெரிந்துகொண்டார்கள்.

முடிந்தவர்கள் வேலையில் கை கொடுத்தார்கள். மாட்டுக்குத் தீனி போட்டார்கள். உருளைக்கிழங்கு தோண்டினார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக் குழந்தைகள் தங்கியிருப்பவர்களோடு சேர்ந்தே வளர்ந்தார்கள். அதனால் அவர்களைக் கண்டு பயம் இல்லை. கேலி இல்லை.

வழி தெரியாமல் ஒருவர் தெருவில் நின்றால், பார்ப்பவர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விடுவார். இன்னார் இன்ன வீட்டில் தங்கியிருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

கேல் ஊரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

ஒரு வீட்டில் ஒருவர் தங்கியிருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். நாள்தோறும் தன் சட்டைப் பொத்தான்களைத் திருகித் திருகிப் பிய்த்துவிடுவார். வீட்டு அம்மா மாலையில் உட்கார்ந்து எல்லாப் பொத்தான்களையும் மறுபடி தைப்பார். மறுநாள் அவர் மறுபடி பிய்ப்பார். இதைப் பார்த்த ஒருவர் யோசனை சொன்னார். "மீன் பிடிக்கும் நைலான் நூலால் தைத்துவிடுங்கள். பிய்க்கவே முடியாது." அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குப் பொத்தானைப் பிய்த்தால்தான் மனம் அமைதி அடைகிறது, அதைத் தடுக்கக் கூடாது என்றார். ஊசியும் நூலும் எடுத்துத் தைப்பதை அவர் நிறுத்தவில்லை.

இன்னொரு வீட்டில் தங்கியிருந்தவருக்குச் சுவரிலிருந்து சிங்கங்கள் வருவது போலத் தோன்றும். அவர் நடுங்குவார். "சிங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா இரு" என்று அந்த வீட்டு அம்மா அதட்டவில்லை. சிங்கத்தை விரட்டுவது போலக் கையை வீசி விரட்டுவார். அவர் அமைதியாகிவிடுவார்.

இந்த இரண்டு பெண்களும் டாக்டருக்குப் படித்தவர்கள் அல்லர். ஒரே வீட்டில் பழகியதால் வந்த அறிவு அது. ஆளை மாற்ற அவர்கள் முயலவில்லை. ஆளுக்குத் தகுந்தபடி வீட்டை அமைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு செய்தி. வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டால், தங்கியிருப்பவரைப் பல வீடுகளில் வெளியே அனுப்பவில்லை. மகனோ மகளோ பொறுப்பேற்றார்கள். ஒரே குடும்பத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்களும் உண்டு.

கேல் ஊரின் பெயர் அக்கம்பக்கத்து நாடுகளிலும் பரவியது. வின்சென்ட் வான்கோ உலகப் புகழ் பெற்ற ஓவியர். 1880இல் அவரை கேல் ஊருக்கு அனுப்பலாமா என்று அவருடைய தந்தை எண்ணினார். அது நடக்கவில்லை.

அன்பு மட்டும் போதுமா?

கேல் ஊரில் எல்லாமே நல்லபடி நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

தங்கியிருப்பவருக்காகக் குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது. பணத்துக்காக மட்டும் சேர்த்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். வேலை வாங்குவதற்காகச் சேர்த்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். ஓடிப் போகாமல் இருக்கச் சிலருக்குக் காலில் இரும்பு வளையம் மாட்டிய காலமும் உண்டு.

வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரியாது. யாராவது வந்து பார்க்க வேண்டும். கேட்க வேண்டும். தவறு நடந்தால் திருத்த வேண்டும்.

1850இல் பெல்ஜியத்தில் மனநோய் உள்ளவர்களுக்காகச் சட்டம் வந்தது. அதன்பின் கேல் ஏற்பாட்டை அரசு பொறுப்பேற்றது. டாக்டர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1862இல் ஊரிலேயே ஒரு மருத்துவமனை கட்டப்பட்டது. செவிலியர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்த முறை இப்படி நடக்கிறது:

1. வீடு தேவைப்படுபவர் முதலில் மருத்துவமனைக்கு வருகிறார். டாக்டரும் செவிலியரும் அவரோடு பழகிப் பார்க்கிறார்கள். குடும்பத்தில் வாழ அவருக்கு விருப்பம் உண்டா, அது அவருக்குப் பொருந்துமா என்று பார்க்கிறார்கள். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை.

2. சேர்த்துக்கொள்ள விரும்பும் குடும்பத்தையும் போய்ப் பார்க்கிறார்கள். அவருக்குத் தனி அறை இருக்கிறதா? வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? இதையெல்லாம் கேட்கிறார்கள்.

3. யாருக்கு எந்த வீடு ஒத்துவரும் என்று பொருத்தம் பார்க்கிறார்கள். சத்தம் பிடிக்காதவரைக் குழந்தைகள் நிறைந்த வீட்டில் சேர்ப்பதில்லை.

4. ஒரு குடும்பத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கலாம். கூட்டமாகச் சேர்க்கக் கூடாது.

5. செவிலியர் தொடர்ந்து வந்து பார்க்கிறார். மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கவனிக்கிறார். குடும்பத்தாரின் கஷ்டத்தையும் கேட்கிறார்.

6. நோய் முற்றினால் மருத்துவமனை சேர்த்துக்கொள்கிறது. சரியானதும் அதே வீட்டுக்குத் திரும்பி வரலாம். ஒத்துவராவிட்டால் வேறு வீடு பார்க்கிறார்கள்.

7. செலவுக்குக் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை தருகிறது.

ஒரு குடையை நினைத்துப் பாருங்கள். மேலே தெரிவது துணி. அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பிகள். கேல் ஊரில் மேலே தெரிவது குடும்பத்தின் அன்பு. அதைத் தாங்குபவை மருத்துவமனை, செவிலியர், பணம், கண்காணிப்பு.

கம்பி இல்லாத குடை: ஏர்வாடி

கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகும்? நம் நாட்டில் நடந்த ஒரு கொடுமையைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி தர்கா இருக்கிறது. மனநோய் குணமாகும் என்ற நம்பிக்கையில் பல மதத்தவரும் அங்கே வருகிறார்கள். கேல் ஊருக்கு வந்தவர்களைப் போலவே இவர்களும் நம்பி வந்தவர்கள். இங்கும் உறவினர்கள் சிலரை விட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தனியார் இல்லங்கள் முளைத்தன. உறவினர்கள் பணம் அனுப்பினார்கள். ஓலைக் கொட்டகைகளில் பலரைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். டாக்டர் இல்லை. செவிலியர் இல்லை. எப்படி நடத்துகிறார்கள் என்று வந்து பார்க்க ஆள் இல்லை.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் தீப் பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள்.

நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன.

இரண்டு ஊர்களிலும் தொடக்கம் ஒன்றுபோலத்தான் இருந்தது. புனித இடம், நம்பி வந்த மக்கள், விட்டுப் போன உறவினர்கள். கேல் ஊரில் வந்தவர் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். டாக்டரும் அரசும் பின்னால் துணை நின்றார்கள். ஏர்வாடியில் வந்தவர்களைக் கூட்டமாகக் கட்டி வைத்தார்கள். கேட்பார் இல்லை.

இன்று இந்தியாவில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்தது. மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது சொல்கிறது.

கேல் இன்று எப்படி இருக்கிறது?

1938இல் கேல் ஊரில் சுமார் 3,700 பேர் குடும்பங்களில் தங்கியிருந்தார்கள். 2003இல் அது 516 ஆனது. 2016 வாக்கில் சுமார் 250 ஆகக் குறைந்தது.

ஏன் குறைந்தது? விவசாயம் குறைந்தது. கூட வேலை செய்ய ஆள் தேவைப்படவில்லை. ஆண்களும் பெண்களும் வெளியே வேலைக்குப் போகிறார்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லை. நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அதனால் முன்பு வீடு தேவைப்பட்ட சிலர் இன்று சிறிது உதவியோடு தனியாகவே வாழ்கிறார்கள்.

ஆனாலும் பழக்கம் நின்றுவிடவில்லை. 2000க்குப் பிறகு எடுத்த கணக்கில், தங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் அளவுக்கு அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று தெரிந்தது. 2023இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் கேல் ஊரின் இந்த மரபைப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

வேறு நாடுகளும் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. பிரான்சில் 1989இல் இதற்கென்றே சட்டம் வந்தது. முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பணம் பெற்றுக்கொண்டு தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் அரசிடம் அனுமதி பெற வேண்டும். மூன்று பேருக்கு மேல் வைத்துக்கொள்வது வழக்கம் இல்லை. இங்கிலாந்திலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. "பகிர்ந்து வாழ்தல்" என்று அதற்குப் பெயர்.

நம் நாட்டில் என்ன வழி?

18 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்க இந்தியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழி சொல்கிறது. அந்தச் சட்டத்தின் உதவி வயதோடு முடிந்துவிடுகிறது. வயது வந்த மாற்றுத்திறனாளிக்கு அது பொருந்தாது.

ஆனால் வேறு சில சட்டங்கள் கை கொடுக்கின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016: மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களோடு சேர்ந்து சமூகத்தில் வாழ உரிமை உண்டு. "நீ இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்" என்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவருக்குக் கொடுமை நடந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். கோட்டாட்சியர், வட்டாட்சியர் போன்ற அதிகாரிகளே நிர்வாக நடுவர்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது.

தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999: இது நான்கு வகையினருக்கு உரியது. ஆட்டிசம் உள்ளவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், பல குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்கள். இவர்களுக்கு 18 வயது ஆன பிறகு, தேவைப்பட்டால் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கலாம். இதற்காக மாவட்டத்தில் மூன்று பேர் கொண்ட உள்ளூர்க் குழு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள ஓர் அதிகாரி, ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் அதில் இருப்பார்கள். பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ விண்ணப்பிக்கலாம்.

காப்பாளர் ஆனவர் சொத்தைத் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தைக் குழுவிடம் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அவர் கொடுமை செய்தாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைச் சுருட்டினாலோ குழு அவரை நீக்க முடியும்.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலையை முடித்து வைப்பது நல்லது. "எங்களுக்குப் பிறகு யார்?" என்ற கேள்விக்கு இது எழுத்தில் கிடைக்கும் முதல் விடை.

வீடு என்ற விடைக்கும் நம் நாட்டில் ஒரு முயற்சி நடந்துவருகிறது. சென்னையில் 1993இல் தொடங்கிய "பேனியன்" என்ற தொண்டு நிறுவனம் 2015இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. "மீண்டும் வீடு" என்பது அதன் பொருள். மனநல மருத்துவமனையிலும் காப்பகத்திலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, திரும்பிப் போக வீடு இல்லாதவர்களுக்கான திட்டம் அது.

ஊருக்குள் சாதாரணத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து அங்கே வாழ்கிறார்கள். உதவிக்கு ஆள் உண்டு. மருத்துவர் துணை உண்டு. என்ன சமைப்பது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் போகிறார்கள். சிலர் வேலைக்கும் போகிறார்கள். தமிழ்நாட்டில் தொடங்கிய இது கேரளம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களுக்கும் பரவியது.

இது கேல் ஊரைப் போன்றதே அல்ல. அங்கே வந்தவர் ஏற்கனவே இருக்கும் ஒரு குடும்பத்தில் சேர்கிறார். இங்கே வீடு இல்லாத சிலர் சேர்ந்து ஒரு குடும்பம் ஆகிறார்கள். ஆனால் இரண்டிலும் ஊருக்கு நடுவே ஒரு வீடு இருக்கிறது. பின்னால் துணையும் இருக்கிறது.

ஒரு குடும்பம் முன்வந்தால்

உறவினரோ, பக்கத்து வீட்டாரோ, நண்பரோ ஒருவரைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வரலாம். நல்ல மனம்தான். ஆனாலும் முதலில் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

- வரப்போகிறவருக்கு விருப்பம் உண்டா? பேச முடியாதவர் என்றால், அந்த வீட்டில் சில நாள் தங்க வைத்துப் பாருங்கள். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, முகம் தெளிவாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

- வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? பெரும்பாலும் வேலை முழுவதும் வீட்டுப் பெண்கள் மேல் விழுகிறது. அவர்களைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

- அவருக்கென்று படுக்க இடம், பெட்டி, துணிமணி உண்டா? கழிப்பறைக்குப் போக வசதி உண்டா?

- மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மருந்துச் சீட்டும் யாரிடம் இருக்கின்றன? உதவித்தொகை வந்தால் அது அவருக்கே செலவாகிறதா?

- அவர் செய்யும் வேலைக்குக் கூலி உண்டா? வீட்டாரோடு சேர்ந்து ஒரு வேலையில் கை கொடுப்பது வேறு. சோறு போட்டுவிட்டு நாள் முழுக்க வேலை வாங்குவது வேறு.

- மாதம் ஒரு முறையாவது வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்கிறாரா? அவரோடு தனியாகப் பேசுகிறாரா?

- பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு உண்டா? ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்றால் சில நாள் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் உண்டா?

- ஒத்துவராவிட்டால் அடுத்து எங்கே? இதை முதலிலேயே பேசி வைக்க வேண்டும்.

மனநலம் பற்றி யோசனை கேட்க அரசின் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

நினைவில் வையுங்கள்

அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. அறிவுசார் குறைபாடு பிறவியிலோ சிறு வயதிலோ தொடங்குவது. கற்றுக்கொள்வதும் புரிந்துகொள்வதும் மெதுவாக நடக்கும். மனநோய் எந்த வயதிலும் வரலாம். மருந்தாலும் பேச்சாலும் பலருக்குக் குணம் கிடைக்கும். ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் வீடு வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் வயது வந்த மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு என்ன வயது?

2. பொத்தான் தைத்த அம்மா நைலான் நூலை ஏன் வேண்டாம் என்றார்? அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

3. கேல் ஊரில் இருந்து ஏர்வாடியில் இல்லாமல் போனவை எவை? பட்டியல் எழுதுங்கள்.

4. ஒருவருடைய அம்மா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால், அந்த நான்கு நாளும் உங்கள் தெருவில் யார் யார் அவரைப் பார்த்துக்கொள்ள முடியும்?

எழுதிப் பழகுங்கள்

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. கேல் ஊர் ______ நாட்டில் இருக்கிறது.
2. மனநோய் உள்ளவரைச் ______ கட்டக் கூடாது.
3. காப்பாளர் ______ மாதத்துக்குள் சொத்து விவரம் தர வேண்டும்.
4. மனநல உதவிக்குத் தொலைபேசி எண் ______.

உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காப்பாளர் நியமனம் பற்றிய விவரமும் விண்ணப்பப் படிவமும் கேளுங்கள். தேதியும் முகவரியும் எழுத மறக்காதீர்கள். கடிதத்தின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்பொருள்

காப்பாளர் – ஒருவரின் நலனுக்கும் சொத்துக்கும் சட்டப்படி பொறுப்பானவர்
கண்காணிப்பு – தொடர்ந்து வந்து பார்த்து விசாரிப்பது
நியமனம் – ஒருவரை ஒரு பொறுப்பில் அமர்த்துவது
மரபு – வழிவழியாக வரும் பழக்கம்
நகல் – எழுதியதைப் போலவே எடுத்த இன்னொரு படி